கைமாற்றும் கடதாசியும்

மகா ஓயாவைத் தாண்டி வடக்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் என்று நீண்டு கற்பிட்டி முனையில் முடியும் கரையோரத்தில் கடனுக்குப் பெயர்கள் பல. வலைத் தொழிலாளிக்குக் கொடுப்பது முற்பணம். காணியைப் பொறுப்புக் காட்டி வாங்குவது ஈடு. காணியின் பலனையே அனுபவிக்க விட்டு வாங்குவது ஒற்றி. நகையை வைத்தால் அடகு. பத்துப் பெண்கள் சேர்ந்து போட்டால் சீட்டு. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் உண்டு. காணி, நகை, மீன், அல்லது சுற்றிலும் அமர்ந்திருக்கும் ஒன்பது பேரின் கண்கள். காவலே இல்லாத கடன் ஒன்றுதான். அது தெரிந்தவருக்குக் கொடுக்கும் கைமாற்று. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் வேறெதுவும் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு அயலவர்களின் வழக்குகள் காதில் விழாமல் இராது. காணித் தகராறு, எல்லைத் தகராறு என்று தொடங்கும் பலவற்றின் அடியில் கிடப்பது எப்போதோ கொடுத்த ஒரு கைமாற்று. அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை, மைத்துனர் கலியாணத்திற்கு வரவில்லை என்றால், வேலியைப் பற்றிக் கேட்பதற்கு முன் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது நான் இந்தக் கரையில் கற்ற பாடம்.

கடன் கொடுப்பதையே வழக்கமாகக் கொண்டவர்கள் தங்களை எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கலாம். உடப்பில் கரைவலைத் தொழில் வெகுகாலமாக நடக்கிறது. மேற்குக் கடல் அடங்கியிருக்கும் ஐப்பசி முதல் பங்குனி வரையான மாதங்களே இங்கு நல்ல காலம். வலையும் தோணியும் சம்மாட்டிக்குச் சொந்தம். இழுப்பவர்களுக்குப் பங்கு. காலம் தொடங்குமுன் இழுப்பவர்கள் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்குவார்கள். அதற்குக் கடதாசி எழுதுவதை நான் கண்டதில்லை. எழுதத் தேவையும் இல்லை. வலை கரையேறியதும் மீன் அந்த மணலிலேயே விலை பேசப்படுகிறது. பங்கு பிரிக்கும்போது சம்மாட்டி அங்கே நிற்கிறார். கடன்காரனின் வருமானம் கடன்காரனின் கைக்குப் போகுமுன் கடன் கொடுத்தவரின் கண்ணைக் கடந்துதான் போக வேண்டும். தொழிலாளி வேறு சம்மாட்டியிடம் போக விரும்பினால் பழைய முற்பணத்தைப் புதியவர் தீர்த்துவிட்டு அழைத்துக்கொள்வார்.

கற்பிட்டிப் பக்கம் இயந்திரப் படகுகளுக்கு முற்பணம் கொடுக்கும் முதலாளிமார் இன்னொரு படி மேலே. வட்டி என்று ஒரு சதமும் கேட்பதில்லை. ஆனால் பிடித்த மீனைத் தமக்கே தர வேண்டும், தாம் சொல்லும் விலைக்குத் தர வேண்டும். வட்டி அந்த விலைக்குள் ஒளிந்திருக்கிறது. ஒருமுறை மீன் விலையைப் பற்றி எழுதுவதற்காக அத்தகைய ஒருவரைச் சந்தித்தபோது, இவ்வளவு பேருடைய கணக்கையும் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "நினைவில எதையும் வைக்கிறதில்ல தம்பி. நினைவு எப்பவும் அவனவன் பக்கம்தான் சாயும்" என்றார். அந்தக் கொப்பி பூட்டிய அலுமாரியில் இல்லை. மீன் நிறுக்கும் இடத்தில், எவரும் புரட்டிப் பார்க்கும்படி தொங்கியது. அவருடைய வியாபார நெறியை நான் மெச்சவில்லை. ஆனால் கணக்கை இருவரும் பார்க்கும் இடத்தில் வைத்த புத்தியை மெச்சத்தான் வேண்டும்.

ஆக, தொழில் முறையில் கொடுப்பவர் எவரும் நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு கொடுப்பதில்லை. உறவுக்காரரும் நண்பரும்தான் வெறுங்கையோடு நிற்கிறார்கள். கேட்டால், "எழுதிக் கேட்டால் என்ன நினைப்பார்?" என்பது பதில்.

புத்தளம் மாவட்டக் கரையில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று அவர்களில் மார்க்கம் படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். நரகத்தைப் பற்றியோ சொர்க்கத்தைப் பற்றியோ அல்ல, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது அது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையக் கூடாது என்று அது பணிக்கிறது. அதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், பட்டவர். தன் வாயால் தன் கடமையைச் சொல்கிறவன் பின்னர் அதை மறுப்பது கடினம். பலவீனமான நிலையில் இருப்பவன்மீது பணம் உள்ளவன் தன் வாசகத்தைத் திணிக்க முடியாது என்ற பாதுகாப்பும் அதிலேயே இருக்கிறது. அடுத்த வசனம், பயணத்தில் எழுத ஆள் கிடைக்காவிட்டால் பொருளை அடைமானமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு முந்திய 280ஆம் வசனம், பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறது. பொறுப்பதும் எழுதுவதும் ஒன்றுக்கொன்று பகை என்று அங்கே எவரும் கருதவில்லை.

ஆயினும் தொழுகையில் ஒரு வக்தைத் தவறவிடாத மனிதர்கள்கூட மச்சானுக்குக் கொடுத்த ஐந்து இலட்சத்தை எழுதியிருப்பதில்லை. வேதத்தைவிட வெட்கம் வலியது போலும்.

அந்த வெட்கத்தின் விலை ஜனாஸா நாளில் தெரிகிறது. இப்பகுதியில் பல ஜனாஸாக்களில் நின்றிருக்கிறேன். தொழுகைக்கு முன் குடும்பத்தவர் ஒருவர் எழுந்து, இறந்தவருக்கு எவருடனாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் தங்களுடன் பேசிக்கொள்ளும்படி அறிவிப்பார். கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுகள் சொத்தைப் பிரிக்க வேண்டும் என்பது மார்க்க விதி. அழகான வழக்கம். ஆனால் அந்த வேளையில் வரிசையில் நிற்கும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூன்று இலட்சம் கொடுத்திருக்கிறார். கடதாசி இல்லை. இறந்தவரின் மனைவிக்குத் தெரியாது. மூத்த மகனுக்கு வயது பத்தொன்பது. நாளை போய்ச் சொன்னால் நம்புவார்களா? நம்பாவிட்டால் இறந்தவர்மீது பொய்க்கடன் ஏற்றியவன் என்ற பெயர் வரும். சொல்லாவிட்டால் பணம் போகும். அதோடு, அவருடைய நம்பிக்கைப்படி, நண்பர் தீராத கடனோடு போகிறார். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி நின்றார். கடைசிவரை சொல்லவில்லை. அதைப் பற்றி என்னிடம் பேசியபோது, "பணத்த விட்டுட்டன், அவர மன்னிச்சும் விட்டுட்டன். ஆனா அவருட மகன பார்க்கிற நேரமெல்லாம் நெஞ்சுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது" என்றார்.

கடலை நம்பி வாழும் ஊர்களில் இது எப்போதோ நடக்கும் அபூர்வம் அல்ல. விடியற்காலையில் போன படகு மாலையில் வராமல் போகலாம். உடப்பின் இந்துக் குடும்பங்களிலும் சிலாபத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் அப்படியான அறிவிப்பு வழக்கம்கூட இல்லை. முப்பத்தோராம் நாள் கழித்து யாராவது தயங்கித் தயங்கி வந்து சொல்வதுதான். எழுத்து இருந்தால் அந்தத் தயக்கம் தேவையில்லை. எழுத்து கொடுத்தவருக்கு மட்டுமா காவல்? திருப்பிக் கொடுத்து முடித்த கடனை மீண்டும் கேட்டு வருபவரிடமிருந்து விதவையைக் காப்பதும் அதுதான்.

கடதாசியை ஒரே வீட்டில் வைப்பதிலும் ஆபத்து உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும்தான் வந்து குடியேறினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு வெளியேறக் கிடைத்தது இரண்டு மணி நேரம். சில நூறு ரூபாவுக்கு மேல் கொண்டுவர விடவில்லை. அகதிக் குடில்களில் நான் பேசியவர்களுள் கடை வைத்திருந்தவர்கள் இழந்த பொருட்களின் பட்டியலில் கடன் கொப்பியையும் சேர்த்துச் சொன்னார்கள். கடையில் இருந்த சரக்கைவிட ஊரில் நின்ற கடன் பெரிது என்றார் ஒருவர். அத்தகைய பேரிழப்பை எந்தப் பிரதியும் ஈடுசெய்திராது என்பது உண்மை. ஆனால் தீயும் வெள்ளமும் கறையானும் உள்ள உலகில், இரு பிரதிகள் இரு வீடுகளில் இருப்பது நல்லது. இன்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

இனிச் சட்டம். இலங்கையின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கம். அதன்படி வாய்மொழியாகக் கொடுத்த கடனுக்கு வழக்கிட மூன்று ஆண்டுகள்தாம். எழுத்தில் வாக்குறுதி இருந்தால், புறோநோட்டு இருந்தால், ஆறு ஆண்டுகள். கைமாற்றுக் கொடுத்தவரின் நாகரிகத்துக்கு இந்த மூன்று ஆண்டு பெரும் எதிரி. முதல் ஆண்டு கேட்பது அநாகரிகம் என்று விடுவார். இரண்டாம் ஆண்டு அவர் வீட்டில் கலியாணம், கேட்கக் கூடாது. மூன்றாம் ஆண்டு கேட்கலாம் என்று எண்ணும்போது, "தருவேன் தானே" என்ற இனிய பதில் வரும். அந்த வாய்ச்சொல் கடனைப் புதுப்பிக்காது. பட்டவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், அல்லது முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியையாவது அவர் செலுத்தியிருக்க வேண்டும். ஆகவே ஐயாயிரம் ரூபாவாயினும் வங்கிக் கணக்கு வழியாகத் திருப்பித் தரச் சொல்வதில் பொருள் உண்டு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே புறோநோட்டுக்கும் மூன்று ஆண்டுகளே. அதற்குள் எழுதிப் புதுப்பிக்க வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை இந்திய வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. இலண்டனில் இருப்பவர்களுக்கு ஆறு ஆண்டுகள்.

புறோநோட்டு எழுதினால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம், உண்மையில் கொடுத்த தொகை, முன்கூட்டிக் கழித்த தொகை இருந்தால் அது, வட்டி வீதம் ஆகியவற்றை அந்தப் பத்திரத்திலேயே காட்டச் சொல்கிறது. தொகையை எழுதாமல் வெற்றிடமாக விட்டுக் கையெழுத்து வாங்குவது குற்றம். "எனக்குத்தானே தருகிறீர்கள், வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையோடு சொல்லும் நண்பர் உங்களுக்குப் பாதுகாப்புத் தரவில்லை, சிக்கலைத் தருகிறார்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. தன்னைக் காத்துக்கொள்கிறேன் என்று மற்றவரை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். தென்னங்காணியைப் பொறுப்பாக வைக்க வந்தவரிடம், ஈட்டு உறுதி எழுதாமல் அறுதி உறுதியே எழுதி வாங்கிக்கொள்வது எங்கள் மாவட்டத்தில் பழகிப்போன தந்திரம். "காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்" என்பது வாய்ச்சொல். காசு வரும்போது காணியின் விலை நான்கு மடங்காகியிருக்கும், வாய்ச்சொல் மறைந்திருக்கும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின்கீழ், காணியின் பயனைக் கைவிடும் எண்ணம் தனக்கு இருக்கவில்லை என்று காட்டி மீட்க இடமுண்டு. ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டும். காணி வேண்டுமென்றால் விலைக்கு வாங்குங்கள். பொறுப்பு வேண்டுமென்றால் நொத்தாரிசு முன் ஈடு எழுதுங்கள். இரண்டையும் கலப்பவரைக் கடன் கொடுத்தவர் என்று அழைக்க என்னால் இயலாது.

பணமாகக் கொடுக்காமல் நகையாகக் கொடுப்பது பெண்களிடையே வழக்கம். "அக்கா, உங்கட காப்ப ரெண்டு மாசத்துக்குத் தாங்க, அடகு வெச்சிட்டு மீட்டுத் தாறன்" என்று கேட்டால் மறுக்க மனம் வராது. நகையை வங்கிக்குக் கொண்டுபோவது கேட்டவர். அடகுச் சீட்டு எழுதப்படுவது அவர் பெயரில். தவணை அறிவித்தல் போவதும் அவருடைய முகவரிக்கு. உரிமையாளர் ஏல அறிவித்தலையே காணமாட்டார். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் பெயரில் நீங்களே போய் அடகு வைத்துப் பணத்தை மட்டும் கொடுங்கள். சீட்டு உங்கள் கையில் இருக்கும். கடன் கடனாகவே நிற்கும், காப்பு எங்கே என்ற கேள்வி எழாது.

பிணைக் கையெழுத்தும் கடன்தான். கையிலிருந்து பணம் போகாததால் பலர் அதை உபகாரமாக மட்டும் எண்ணுகிறார்கள். கடன்பட்டவரை முதலில் தேடிப் பிடித்த பின்னரே பிணையாளியிடம் வர வேண்டும் என்றொரு உரிமை எமது உரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. வங்கிப் படிவத்தின் சிறிய எழுத்துகளில் அந்த உரிமையைத் துறப்பதாக நீங்களே கையெழுத்திட்டிருப்பீர்கள்.

ஏமாற்றுக்காரர் மட்டுமே பணத்தை அழிப்பதில்லை என்பதற்கு 2022 சாட்சி. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஓகஸ்ட் 22இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் எழுபது வீதத்தை அண்மித்தது. கற்பிட்டியில் எண்ணெய்ச் செலவுக்குக் கட்டாமல் படகுகள் கரையில் கிடந்தன. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை தம் ஒன்றுவிட்ட சகோதரனுக்குப் படகு இயந்திரம் வாங்க மூன்று இலட்சம் கொடுத்திருந்தார். அரைத்தாளில் எழுத்து, இரு சாட்சி, ஆறு தவணை. ஒரு தவணைகூட உரிய நாளில் வரவில்லை. ஆனால் கடதாசியில் நாள் இருந்தபடியால் பேச ஓர் இடம் இருந்தது. இருவரும் அமர்ந்து தவணையை மாற்றி எழுதிக் கையெழுத்திட்டார்கள். 2024இல் கடன் தீர்ந்தது. கிடைத்த மூன்று இலட்சத்தின் பெறுமதி கொடுத்த மூன்று இலட்சத்தின் பெறுமதி அல்ல. அந்த நட்டத்திலிருந்து எந்தக் கடதாசியும் அவரைக் காக்கவில்லை. சகோதரனோடு பேச்சு நிற்கவில்லை என்பதைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார்.

வென்னப்புவ, மாரவில பக்கத்தில் இத்தாலிக்குப் போன உறவினர் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அங்கே கடன்கள் இப்போது குரல் செய்திகளில் நடக்கின்றன. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அத்தகைய பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க வழிசெய்கிறது. பணம் அனுப்பும்போது "இது இன்ன தொகை, கடனாக, இன்ன மாதம் வரை" என்று ஒரு வரி எழுதி, "கிடைத்தது, சம்மதம்" என்ற பதிலையும் பெற்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அன்பளிப்பு என்று எண்ணிக்கொள்ள ஊரில் எவருக்கும் சிரமம் இருப்பதில்லை.

வழக்கு என்று வந்தாலும் நேரே நீதிமன்றம் போக முடியாது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டும். வார இறுதியில் ஏதாவதொரு பாடசாலை வகுப்பறையில் சபை கூடும். சட்டத்தரணிமார் வாதாட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் மூவர் மேசைக்குப் பின்னால், பிணக்குக்காரர் மாணவரின் வாங்கில். ஒரு சனிக்கிழமை முழுவதும் அமர்ந்து பார்த்தேன். கடதாசி கொண்டுவந்தவர்களின் பேச்சு, "எப்போது தருவாய், எத்தனை தவணை" என்பதிலேயே தொடங்கி அரை மணியில் முடிந்தது. கடதாசி இல்லாதவர்களுக்குத் தொகை எவ்வளவு என்பதை நிறுவுவதற்கே நண்பகல் கழிந்தது. இடையில் இருவரின் தாய்மாரும் இழுக்கப்பட்டார்கள்.

அன்று கடைசியாக வந்த பிணக்கில் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தொகையில் கருத்து வேறுபாடில்லை. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். வாங்கியவரின் மனைவிதான் எழுந்து நின்றாள். அப்படியொரு கடன் இருப்பதே தனக்கு அன்றுதான் தெரியும் என்றாள். மாதம் பத்தாயிரம் தருவதாகக் கணவன் ஒப்புக்கொண்ட பிறகு, தலைவர் பேனாவை அவளிடம் நீட்டி, சாட்சியாகக் கையெழுத்திடச் சொன்னார். அவள் வாங்கி, எழுதியிருந்ததை இருமுறை படித்துவிட்டு, மாதத்தில் எந்தத் திகதி என்று எழுதவில்லையே என்று கேட்டாள். தலைவர் தாளைத் திருப்பி வாங்கிப் பத்தாம் திகதி என்று சேர்த்து எழுதினார்.